பெர்மிற்காரி

பாலேஸ்வரி அந்தச் சொல்லை வாயால் சொல்ல மாட்டாள். 'அது' என்பாள். அது வைக்கிற கூடாரம், அது ஊத்துற கப், அது விழா. நாலு மாதமாகக் கூட்டம் போட்டு, நோட்டீஸ் அடித்து, மேசை கதிரைக்கு ஆள் பிடித்து எல்லாம் செய்தவள், 'பியர்' என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவளின் முழுப்பெயர், அந்தச் சனிக்கிழமை காலை, ரொறன்ரோ மல்வேர்ன் முதியோர் மன்றத்தின் வாசல் கம்பத்தில் பிளாஸ்ரிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணி தொடக்கம் ஏழு மணி வரை இந்த வளவுக்குள் ஊற்றப்படுகிற ஒவ்வொரு சொட்டுக்கும் பொறுப்பாளி: திருமதி பாலேஸ்வரி இராஜரட்ணம்.

இந்த வினை எப்படி வந்தது என்று கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். இடையில் ஊருக்குப் போய் வந்தவர்களுக்காக நாலு வரி சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்தருள்க.

மன்றத்தின் வான் பெப்ரவரிக் குளிரில் செத்துப்போனது. கிழமையில் மூன்று நாள் பதினொரு பேரை டயாலிசிசுக்கு ஏற்றி இறக்கிய வான் அது. இப்போது அந்தப் பதினொரு பேரும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறார்கள். மன்றத்துக்குப் பாலேஸ்வரிதான் தலைவி. புது வானுக்கு என்ன செய்யலாம் என்று கூட்டத்தில் எல்லாரும் தாடையைத் தடவிக்கொண்டிருந்தபோது, அவளுடைய மகள் துர்க்கா எழும்பினாள். டினர் டான்ஸ் வைத்து வைத்துச் சனத்துக்கு அலுத்துப்போச்சு, கிராஃப்ற் பியர் விழா வைப்போம், அண்ணாவும் அவனுடைய கூட்டாளிகளும் பீப்பாக்களை இலவசமாகத் தருவார்கள் என்றாள்.

அண்ணா என்றால் ஜனார்த்தன். பாங்கில் நல்ல வேலையில் இருந்தவன். போன கார்த்திகையில் அதை விட்டெறிந்துவிட்டு, பார்க்டேலில் ஒரு பழைய கராஜை வாடகைக்கு எடுத்து, பியர் காய்ச்சி விற்கிற முயற்சியில் இறங்கினான். அன்றையிலிருந்து தாய் அவனோடு பேசுவதில்லை. ஏழு மாதம் முடிந்துவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னர் அவளுடைய மனுசன் இராஜரட்ணம் ஒரு கலியாண வீட்டிலிருந்து குடித்துவிட்டு வந்த வேகத்தில் தெருமுனைத் தபால்பெட்டிகளோடு காரைக் கொண்டுபோய் முட்டினார். காருக்குள் பாலேஸ்வரியும் இருந்தாள். அடுத்தநாள் விடிய றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினார். பிறகு தொட்டதில்லை. கனடாவுக்கு வந்து தான் சாதித்தது என்ன என்று யாராவது கேட்டால் பாலேஸ்வரி வீட்டையோ பிள்ளைகளின் பட்டத்தையோ சொல்ல மாட்டாள். மனுசனின் பதினொரு வருடத்தைத்தான் சொல்லுவாள். அந்த மனுசனின் மகன் அதையே தொழிலாக எடுத்தால் பெற்ற வயிறு எரியுமா, எரியாதா?

பெர்மிற், அதாவது மது ஊற்றுவதற்கான அனுமதிப்பத்திரம், அதன் கதை இன்னும் அநியாயம். விழா முடியுமட்டும் இடத்தை விட்டு அசையாமல், ஒரு சொட்டும் குடிக்காமல் நிற்கிற ஒருவரின் பெயரில்தான் அதை எடுக்க வேண்டுமாம். நிர்வாகக் குழுவில் ஆண்கள் எட்டுப் பேர். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் போனைப் பார்த்தார். செயலாளர் அருள்நாயகம் தன் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டத் தொடங்கினார். கடைசியில் எல்லாக் கண்ணும் தலைவியிடம் வந்து நின்றன. வானை நினைத்துக்கொண்டு பாலேஸ்வரி கையெழுத்து வைத்தாள்.

இனி அன்றைய நாளுக்கு வருவோம்.

இராஜரட்ணம் காலை எட்டு மணிக்கே வேட்டி கட்டிவிட்டார். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போவதாகவும், இந்தக் கூத்து முடியுமட்டும் மல்வேர்ன் பக்கம் தலைவைத்தும் பார்க்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். பாலேஸ்வரிக்கு மனம் குளிர்ந்துபோனது. துர்க்காவின் காரில் ஏறி, சேலைக்கு மேலே பொறுப்பாளிக்கான மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு அவள் மன்றத்துக்கு வந்து இறங்கியபோது நேரம் பதினொன்று நாற்பது.

தெரு நெடுகக் கார். பக்கத்துச் சேர்ச்சில் ஏதோ விசேசமாக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தாள். நூற்றைம்பது பேருக்குக் குறையாது. அத்தனையும் ஆண்கள், அத்தனையும் தமிழர், அத்தனை பேரும் குளித்து முழுகி வந்திருந்தார்கள். வரிசையின் தலைமாட்டில் அருள்நாயகம். சொந்த மகளின் கலியாணத்துக்கே ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்த மனுசன் அவர்.

பாலேஸ்வரி கைமணிக்கூட்டை இரண்டாம் தரமும் பார்த்தாள். ஏனென்றால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகமுன்னர் அவளுடைய போனுக்குத்தான் வந்தது. விழா ஆரம்பம் இரண்டு மணி என்று போட்டிருந்தார்கள். பாலேஸ்வரி பதினேழு வருடமாக ரொறன்ரோவில் விழா நடத்துகிறவள். ஐந்து மணி அரங்கேற்றத்துக்கு ஏழு மணிக்கு முன்னர் சனம் வந்ததை அவள் கண்டதில்லை. ஆறு மணிப் பிறந்தநாளுக்கு எட்டரைக்குத்தான் கேக் வெட்டுவார்கள். இரண்டு என்று போட்டால் நாலு மணிக்கு வருவார்கள், ஏழு மணிக்குப் பெர்மிற் முடிந்துவிடும், பிறகு வானுக்கு எங்கே போவது? எவரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. அச்சகத்துக்குப் போன் எடுத்து, இரண்டைப் பன்னிரண்டாக்கிவிட்டாள்.

எல்லாம் சரியான கணக்குத்தான். பியருக்கு மாத்திரம் தமிழன் நேரத்துக்கு வருவான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டு அடித்தது. கூடாரத்துக்குள் ஜனார்த்தனும் கூட்டாளிகளுமாக ஏழு பேருடைய பீப்பாக்களும் ஐஸுக்குள் தயாராக இருந்தன. கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக்கூடாது. இரண்டு மணிக்கு முன்னர் குழாயைத் திறந்தால் பெர்மிற் போச்சு. வரிசையில் நின்றவர்கள் நோட்டீசையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு, பாலேஸ்வரி பயந்தது நடந்தது. அருள்நாயகம் வானத்தை அண்ணாந்து பார்த்து, கழுத்தைச் சொறிந்து, பக்கத்தில் நின்றவரின் முழங்கையில் மெல்லத் தட்டினார். இரண்டு பேரும் பார்க்கிங் லொட் பக்கமாக ஆறுதலாக நடந்தார்கள்.

அந்த நடையை இந்த ஊரில் அறியாத பெண்சாதி இல்லை. மண்டபத்துக்குள்ளே தாலி கட்டு நடக்கும், பார்க்கிங் லொட்டில் காரின் ட்ரங்க் திறபடும். ட்ரங்குக்குள்ளே பிரண்டிப் போத்தல், பேப்பர் கப், ஒரு பை மிக்சர். முப்பது வருடமாக இதுதான் நடைமுறை. பியர் விழாவுக்கு வந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு ட்ரங்கில் ஒன்று வைத்துக்கொண்டு வருவதுதான் எங்கள் ஆட்களின் முன்யோசனை.

பெர்மிற்றின் ஆறாவது விதி பாலேஸ்வரிக்கு மனப்பாடம். விழாவுக்கென்று பதிந்த மது தவிர வேறு ஒரு சொட்டு இந்த வளவுக்குள் இருக்கக்கூடாது. பார்க்கிங் லொட்டும் வளவுதான். இருந்தால் விழாவை அந்த இடத்திலேயே மூடுவார்கள். மது இலாகா இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் வரலாம்.

ஜனார்த்தன் கூடாரத்துக்குள்ளிருந்து ஓடி வந்தான். தாய்க்கு முன்னால் நாலடி தள்ளி நின்று, தங்கையைப் பார்த்து, நோட்டீசில் பன்னிரண்டு என்று போட்டது யார் என்று கேட்டான். துர்க்கா திரும்பி அதையே தாயிடம் கேட்டாள். ஏழு மாதமாக அந்தக் குடும்பத்தில் கதை இப்படித்தான் போய் வருகிறது. சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்பதென்றாலும் துர்க்கா வழியாகத்தான். அச்சகத்தில் விசாரிக்கச் சொல்லு என்று பாலேஸ்வரி மகளிடம் சொன்னாள். விசாரித்தாச்சாம், யாரோ ஒரு அன்ரி போன் எடுத்து மாற்றினாவாம் என்று அவன் தங்கையிடம் சொன்னான். துர்க்கா தாயைப் பார்த்தாள்.

"I'm done," என்றாள் துர்க்கா. "நீங்கள் ரெண்டு பேரும் நேர கதையுங்கோ." சொல்லிவிட்டு பியருக்கு ரோக்கன் விற்கிற மேசைப் பக்கம் போய்விட்டாள்.

நாலடி இடைவெளியில் தாயும் மகனும் நின்றார்கள். லொட்டில் ஒரு ட்ரங்க் திறபடுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

"ஜனா," என்றாள் பாலேஸ்வரி. "நான்தான் மாத்தினனான்."

ஏழு மாதத்துக்குப் பிறகு பெற்ற மகனோடு பேசிய முதல் வசனம் இதுவாகப் போகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"ஏனம்மா?"

"ரெண்டு எண்டு போட்டால் நாலு மணிக்குத்தானே வருவினம்."

அவன் யோசித்துப் பார்த்தான். "அது கலியாணத்துக்கம்மா," என்றான். "இது பியர்."

கோபிக்கவில்லை அவன். அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. இந்த இடத்தில் ஒரு குற்றம் எழுதினார்கள் என்றால் தாயின் பெர்மிற்றோடு நிற்காது, பீப்பா தந்த ஏழு பேருடைய லைசன்சையும் தோண்டிப் பார்ப்பார்கள். மற்ற ஆறு பேரும் பழைய ஆட்கள், தாங்குவார்கள். அவனுக்கு லைசன்ஸ் கிடைத்து இன்னும் ஐம்பது நாள் ஆகவில்லை. இதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு லொட்டுக்கு ஓடினான்.

பாலேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் கார் காராகப் போய்க் கெஞ்சுகிறான். அவனுக்கு மூத்தவர்கள், தகப்பனோடு சீட்டாடியவர்கள், அவனைத் தூக்கித் திரிந்தவர்கள். தோளில் தட்டி, 'ஒரு சொட்டுத்தான் தம்பி, உங்கட குழாய் திறக்குமட்டும்' என்று சிரிக்கிறார்கள். ஒருவன் அவனுக்கே ஒரு பேப்பர் கப்பை நீட்டுகிறான். தான் ஏழு மாதமாக ஒரு சொல் கொடுக்காத பிள்ளை ஊரவன் எல்லாரிடமும் கும்பிட்டு நிற்கிறதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. இவர்கள் யாருக்குப் பயப்படுவார்கள்? அவனுக்கு இல்லை. தலைவிக்கும் இல்லை. இன்ஸ்பெக்டருக்குக்கூட இல்லை.

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மல்வேர்ன் பெண்கள் வட்ஸ்அப் குழுவில் நூற்றெண்பது பேர். அதை நடத்துகிறவள் பேபியக்கா, அருள்நாயகத்தின் மனைவி. பாலேஸ்வரி ஒலிப்பதிவை அமத்திப் பிடித்தாள்.

"பேபியக்கா, உங்கட மனுசன் இஞ்சை நிக்கிறார். எல்லாற்றை மனுசரும் இஞ்சைதான் நிக்கினம். கெதியா வாங்கோ. வந்து அவரவர்ரை காருக்குப் பின்னாலை நிண்டால் காணும்."

முதல் வான் பதினைந்தாவது நிமிடம் வந்தது. பிறகு வரிசையாக வரத் தொடங்கியது. வீட்டுச் செருப்போடு வந்தவர்களும் இருந்தார்கள், கையில் கரண்டியோடு இறங்கிய ஒருத்தியும் இருந்தாள். பேபியக்கா தலைக்கு மை பூசுகிற வேலையைப் பாதியில் விட்டுத் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். வந்த பிறகுதான் இன்னொரு கூத்து வெளித்தது. பியர் விழாவுக்குப் போகிறேன் என்று வீட்டில் உண்மையைச் சொல்லி வந்தவர்கள் அரைவாசிப் பேர்கூட இல்லை. ஒருவர் பல்டாக்டரிடம் போனவர். ஒருவர் செத்தவீட்டுக்குப் போனவர். பொய் பொருந்த வேண்டும் என்று வெள்ளைச் சேர்ட்டும் போட்டிருந்தார்.

பேபியக்கா அருள்நாயகத்தின் கார் ட்ரங்கை ஒற்றைக் கையால் சாத்தி, அதன் மேலே சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"காருக்கு ஒயில் மாத்தியாச்சோ?" என்று மட்டும் கேட்டாள்.

அருள்நாயகம் திரும்ப வரிசைக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் வந்துவிட்டார்கள். லொட் நெடுக ட்ரங்குகள் டப் டப் என்று சாத்துப்பட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற பாலேஸ்வரிக்கு அன்று முதல் தடவையாகப் பசித்தது.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினாள். நாற்பது வயது மதிக்கலாம், குட்டை முடி, கையில் ஒரு அட்டை. வளவைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அவள் கிட்டப் போன ஒவ்வொரு காருக்கும் பின்னால் ஒரு பெண். சிரிக்கிறார்கள், ஆனால் நகர்கிறார்கள் இல்லை. இவர்கள் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, பாலேஸ்வரி தன் முப்பது வருட ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்து, எங்கள் செக்கியூரிட்டி என்றாள். எவ்வளவு சம்பளம் என்று கேட்க, சம்பளம் இல்லை, எல்லாரும் விரும்பி வந்தவர்கள் என்றாள். இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு காவலைத் தான் கண்டதில்லை என்று அவள் அட்டையில் எழுதிக்கொண்டாள்.

போகமுன்னர் ஒரு விதியை நினைவுபடுத்தினாள். யாருக்கு ஊற்றலாம், யாருக்கு ஊற்றக்கூடாது என்பது பெர்மிற்காரரின் முடிவு. எவரையும் மறிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எல்லா விதிகளிலும் பாலேஸ்வரிக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு மணியாகுமுன்னரே மட்டன் ரோல்ஸ் முடிந்துவிட்டது. குடிக்கவும் வழியில்லை, வீட்டுக்குப் போகவும் வழியில்லை என்றால் மனுசர் வேறு என்ன செய்வார்கள்? சரியாக இரண்டுக்கு ஜனார்த்தன் குழாயில் கையை வைத்தபடி தாயைப் பார்த்தான். கூடாரமே அவளைப் பார்த்தது. அவள் தலையாட்டினாள். முதலாவது ரோக்கனோடு வந்து நின்றது பேபியக்கா. இவ்வளவு நேரம் வெயிலில் நின்ற களைப்புக்காம். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், கசக்குது என்றாள், பிறகு இன்னொரு ரோக்கன் வாங்கப் போனாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். விற்கவென்று வைத்த ரோக்கன் மூன்று மணிக்கே முடிந்து, துர்க்கா மஞ்சள் மட்டையை வெட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் தொடங்கினாள். மன்றத்துக்குப் புது வான் வந்துவிடும் போலத்தான் இருந்தது.

கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து ஜனார்த்தன் தாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றான். இப்போது நாலடி இல்லை, ஓரடிதான்.

"ஏழு மாசத்துக்குப் பிறகு கதைச்சிட்டியள்," என்றான்.

"அது பெர்மிற் விசயம்," என்றாள் பாலேஸ்வரி. "வீட்டு விசயம் இன்னும் கதைக்கேல்லை."

அவன் சிரித்தான். அவளுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான், திரும்பவும் வந்திருந்த இன்ஸ்பெக்டர் இரண்டாவது சுற்று முடித்து வந்து பேனையால் காட்டினாள். லொட்டின் கடைசி மூலை, வேலியோரம், மேப்பிள் மரத்துக்குக் கீழே ஒரு சாம்பல் நிறக் கார். அதன் ட்ரங்க் திறந்திருக்கிறது, யாரோ உள்ளே இருக்கிறார்கள், காவலுக்கு ஒரு பெண்ணையும் காணவில்லை. அது யாருடையது?

பின்கண்ணாடியில் பிள்ளையார் ஸ்ரிக்கர். அந்த ஸ்ரிக்கரை ஒட்டியதே பாலேஸ்வரிதான்.

தன்னுடையது என்றாள். தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நடந்தாள்.

அந்த லொட்டை அவள் ஆயிரம் தரம் கடந்திருப்பாள். இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்றவர்களின் ட்ரங்கை எல்லாம் சாத்துவித்தவள், தன்னுடையதை மட்டும் மறந்துபோனாள். கோயிலுக்கு என்று போன மனுசன். பல்டாக்டரும் செத்தவீடும் ஒயில் மாற்றுவதும் இப்போது அவள் நெஞ்சுக்குள் வந்து வரிசையாக நின்றன. பதினொரு வருடம், பிள்ளையாரே. ஒரு போத்தல் மட்டும் அதற்குள் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

இராஜரட்ணம் வேட்டியோடு ட்ரங்கின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு அழியவில்லை. அவருக்குப் பின்னால் ட்ரங்குக்குள் ஒரு அருச்சனைத் தட்டு. அதில் பாதித் தேங்காய், இரண்டு வாழைப்பழம், வாடின பூ. பனி தட்டுகிற தூரிகை ஒன்று கிடந்தது. போத்தல் இல்லை. பாலேஸ்வரி தட்டைத் தூக்கி, கீழே விரித்திருந்த துணியையும் கிளறிப் பார்த்தாள். இல்லை.

"எப்ப வந்தனீங்கள்?"

"பத்தரைக்கு." அருள்நாயகத்துக்கும் முன்னர் வந்து, இவ்வளவு நேரமும் சீற்றைச் சரித்துக்கொண்டு காருக்குள்ளேயே ஒளிந்திருந்தவர். "கோயிலுக்குப் போனனான். பொடியன்ரை பேரிலை அருச்சனை செய்தனான். பேந்து கார் தன்ரை பாட்டிலை இஞ்சை வந்திட்டுது."

அவள் தட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். அவர் உள்ளங்கையை விரித்தார். துர்க்கா வெட்டிய மஞ்சள் மட்டை ரோக்கன் ஒன்று, வியர்வையில் நனைந்து சுருண்டுபோயிருந்தது. யாரோ ஒருவரைப் பிடித்து அனுப்பி வாங்கியிருக்கிறார்.

"பதினொரு வரியம். ஒருநாள் பிழை விட்டனானோ?"

"இல்லை."

"ஊரிலை உள்ளவன் எல்லாம் அவன் என்ன செய்திருக்கிறான் எண்டு குடிச்சுப் பாத்திட்டான். பேபிகூடப் பாத்திட்டா. தகப்பன் எனக்குத்தான் தெரியாது." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியிலிருந்து கார்ச் சாவியை எடுத்து நீட்டினார். "முதல் இதைப் பிடியும். ஒரு மிடறுதான். பெர்மிற் உம்மடை பேரிலை. நீர் ஏலாது எண்டால் இந்த மட்டையைக் கிழிச்சுப்போட்டு வீட்டை போவம்."

எவரையும் மறிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் இந்த விதி எவ்வளவு இனித்தது.

பாலேஸ்வரி சாவியை வாங்கி மஞ்சள் அங்கியின் பொக்கற்றுக்குள் போட்டாள். மட்டையை அவள் கிழிக்கவில்லை, அது அவருடைய கையிலேயே இருந்தது. பின்னால் சரளைக்கல்லில் யாரோ நடந்து வருகிற சத்தம். அந்தக் காலடி அவளுக்குத் தெரியும், பெற்றவள் அல்லவா. தகப்பனைக் கண்டுவிட்டான், வருகிறான். வெறுங்கையோடு வருகிறானா, கையில் ஒரு கப்போடு வருகிறானா என்று திரும்பிப் பார்க்கத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை.